தொட்டில் ஆட்டிக்கொண்டே பாடுகிறவளுக்கு எந்த மைக்?

அம்மாவுக்கு 71 வயது. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தவள். எத்தனை தாலாட்டு தெரியும் என்று கேட்டால் அவளுக்கே கணக்குத் தெரியாது. ஒன்றைத் தொடங்கினால் மாமன் சீர் வரும், சீரிலிருந்து நெல்லறுப்புக்குப் போகும், அங்கிருந்து குளக்கரைக்குப் போய்த் திரும்பவும் தொட்டிலுக்கே வந்து சேரும். தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தபோது, பக்கத்து அறையில் அவள் பாடியதைக் கேட்டுக்கொண்டு விடியும்வரை படுத்திருந்தேன். இதில் ஒரு வரிகூட எங்கும் எழுதி வைக்கப்படவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மறுநாள் போனில் பதிந்தேன். அம்மா குரலைவிட மின்விசிறி நன்றாகக் கேட்டது.

அப்படித்தான் வில்லிவாக்கத்தில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டின் 10க்கு 10 அறை ஸ்டூடியோவாக மாற ஆரம்பித்தது. மொசைக் தரை, கான்கிரீட் கூரை, கை தட்டினால் தகரத்தில் தட்டியதுபோல ஒரு ரீங்காரம். ஜன்னலுக்கு வெளியே சென்ட்ரல் - அரக்கோணம் ரயில் பாதை. மைக் வாங்கப் போகிறவர்கள் முதலில் தங்கள் அறையைப் பற்றி இப்படி நாலு வரி எழுதிப் பார்ப்பது நல்லது. நான் எழுதவில்லை. நேரே மைக் வாங்கிவிட்டேன்.

இணையத்தில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஸ்டாண்டு, ஸ்பாஞ்சு, வலை எல்லாம் சேர்த்து ஒரு கண்டென்சர் மைக் வந்தது. லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் செருகச் சொல்லியிருந்தார்கள். செருகினால் ‘உம்ம்’ என்று ஓர் இரைச்சல், அதற்கு அடியில் எங்கோ அம்மா. இதற்கு இரண்டு காரணம் இருந்ததைப் பிறகு புரிந்துகொண்டேன். ஸ்டூடியோ வகைக் கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் கம்பி வழியாகவே போக வேண்டும். பேன்டம் பவர் என்பார்கள். லேப்டாப் துளை தருவது சில வோல்ட்தான். பட்டினி போட்ட மைக்கின் சத்தத்தைக் கூட்டக் கூட்ட இரைச்சலும் சேர்ந்து ஏறும். இன்னொரு காரணம் எங்கள் வீட்டு பிளக்கில் எர்த் சரியில்லாதது. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அந்த 50ம் அதன் மடங்கான 100ம்தான் அந்த ‘உம்ம்’. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டியதும் பாதி அடங்கியது. எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து எர்த்தைச் சரிபார்த்த பிறகு முழுவதும் போனது. அவருக்குக் கொடுத்த 400 ரூபாய்தான் இந்த ஸ்டூடியோவுக்கு நான் செய்த மிகச் சிறந்த செலவு.

அடுத்த சனிக்கிழமை, சென்னையில் எலெக்ட்ரானிக் சாமான்கள் விற்கும் ரிச்சி தெரு. ஒரு கடையில் வயதான முதலாளி பட்ஜெட்டைக் கேட்கவில்லை. “யாரு தம்பி பாடுறது? கையில பிடிச்சுப் பாடுவாங்களா, உக்காந்து பாடுவாங்களா?” என்றுதான் கேட்டார். அதன் ஆழம் அப்போது எனக்குப் புரியவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ரயில் ஓடுகிறது என்று மட்டும் சொன்னேன். “அப்ப டைனமிக் எடுத்துக்கங்க” என்றார். வெளியிலிருந்து மின்சாரம் கேட்காமல், காந்தத்தையும் கம்பிச்சுருளையும் வைத்தே வேலை செய்யும் மைக். மேடைகளில் எல்லோர் கையிலும் பார்க்கும் ஷுர் எஸ்எம்58 அந்த வகைதான். 1966இல் வந்து இன்றும் விற்கிறது. அது என் கைக்கு எட்டவில்லை. அதே வகையில் பெஹ்ரிங்கரின் எக்ஸ்எம்8500 எட்டியது. கூடவே மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியான, 48 வோல்ட் பொத்தான் உள்ள இரண்டு வழி ஆடியோ இன்டர்ஃபேஸ், மைக்செட்காரர்கள் கேனான் என்று சொல்லும் எக்ஸ்எல்ஆர் கேபிள், கனமான அடிப்பாகம் உள்ள ஸ்டாண்டு. மைக்கின் விலையைப்போல் மூன்று மடங்கு இந்தச் சாமான்களுக்கே போனது. மைக்குக்கு மட்டும் காசு எடுத்துவைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

டைனமிக் வந்த பிறகு என் குரல் நன்றாகப் பதிந்தது. ரயில் வெகுதூரம் போய்விட்டது. டைனமிக் மைக் சுற்றுச் சத்தத்தை எடுக்காது என்று எல்லோரும் சொல்வது உண்மை என்றே நம்பினேன். பிறகு ஒரு நண்பர் தன் ஆடியோ டெக்னிக்கா ஏடி2020 கண்டென்சரைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். இரண்டையும் ஒட்டி வைத்து, ஒரே 10 சென்டிமீட்டரிலிருந்து பேசி, என் குரல் இரண்டிலும் ஒரே அளவுக்கு வரும்படி திருகினேன். பிறகு ரயிலுக்காகக் காத்திருந்தேன். வந்தது. இரண்டு பதிவிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது!

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்டென்சர் காட்டும் மின் அளவு பெரிது, அவ்வளவுதான். ஏடி2020 தருவது எஸ்எம்58 தருவதைப்போல் ஏழு மடங்குக்கும் மேல். ஆனால் குரலையும் ரயிலையும் சேர்த்தேதான் அது பெருக்குகிறது. இரண்டுமே முன்பக்கச் சத்தத்தை அதிகமாகவும் பின்பக்கத்தைக் குறைவாகவும் எடுக்கும் கார்டியாய்டு வகை. அப்படியிருக்க வித்தியாசம் எங்கிருந்து வரும்? டைனமிக்கை நாம் வாய்க்குப் பக்கத்தில் வைக்கிறோம், கண்டென்சரை ஒரு முழம் தள்ளி வைக்கிறோம். இடைவெளி பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும். ரயில் இருந்த அளவிலேயே இருக்கும். 30 சென்டிமீட்டரிலிருந்து ஏழரைக்கு வந்தால் 12 டெசிபல் லாபம். எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காத லாபம் அது.

மைக் அட்டைகளில் உள் இரைச்சல் என்று ஓர் எண் போட்டிருக்கும். ஏடி2020க்கு 20 டெசிபல், ரோட் என்டி1-ஏவுக்கு வெறும் 5. அந்த 5க்காக நானும் ஆசைப்பட்டேன். ஆனால் என் அறை, போன் செயலியின் கணக்கில், நடுராத்திரியில்கூட 35க்குக் கீழே இறங்கவில்லை. அறையே இவ்வளவு பேசும்போது மைக்கின் மௌனத்துக்கு எதற்குப் பணம்? பணத்தை அறைக்குத் திருப்பினேன். இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரில் சாய்த்தேன், தரைக்கு ஜமக்காளம் விரித்தேன், புடவை நிறைந்த பீரோவைத் திறந்து வைத்தேன். ரீங்காரம் செத்தது. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: மெத்தை உள்ளே எதிரொலிப்பதைத்தான் உறிஞ்சும். வெளியிலிருந்து வரும் ரயிலைத் தடுக்காது. முட்டை அட்டை இரண்டையுமே செய்யாது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு அம்மாவை உட்கார வைத்தேன். டைனமிக் மைக், நான்கு விரல் இடைவெளி. “ஏன்யா, இத வாய்க்குள்ளயே வச்சிக்கிட்டா பாடணும்?” என்றாள். பாடத் தொடங்கினாள். முதல் ஆராரோவிலேயே ஆட ஆரம்பித்துவிட்டாள்.

தொட்டில் இல்லை, குழந்தை இல்லை. ஆனால் கை ஆட்டிக்கொண்டே இருந்தது, உடம்பும் கூடவே முன்னும் பின்னும் போய்வந்தது. நான்கு விரல் இடைவெளி ஒரு நொடியில் பாதியாகும், மறுநொடியில் ஒன்றரை மடங்காகும். குரல் 10 டெசிபல் அளவுக்கு ஏறி இறங்கியது. கிட்டே வந்தபோதெல்லாம் கார்டியாய்டு மைக்கின் இயல்பில் அடிக்குரல் வேறு ஊதிப் பெருத்தது. ஆடாமல் பாடச் சொன்னேன். ஆடாமல் பாடினாள், இரண்டாம் வரி மறந்துபோயிற்று. மூன்று முறை முயன்றோம், மூன்று முறையும் அதே இடத்தில் நின்றாள். அந்தப் பாட்டு அவள் உடம்பில் இருக்கிறது. ஆட்டம் நின்றால் சொல் வராது.

கண்டென்சரை 25 சென்டிமீட்டருக்குத் தள்ளி வைத்தபோது ஏற்ற இறக்கம் மூன்றரை டெசிபலாகக் குறைந்தது. ஆனால் தள்ளி வைத்ததால் ரயில் திரும்பி வந்துவிட்டது. கடை முதலாளியின் கேள்வி அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. உட்கார்ந்து பாடுவாள் என்றிருப்பேன். ஆடுவாள் என்று சொல்ல எனக்குத் தெரிந்திருக்காது.

அவளோடு சேர்ந்து ஆடுகிற மைக் வேண்டும். எனக்குத் தோன்றியது காலர் மைக். 1962இல் பெல் ஆய்வகத்தில் செஸ்லரும் வெஸ்ட்டும் கண்டுபிடித்த எலெக்ட்ரெட் என்ற, மின்னேற்றத்தை உள்ளேயே நிரந்தரமாக வைத்திருக்கும் கண்டென்சர் வகையில் ஒரு கடுகளவு மைக். நான் வாங்கியது போயாவின் பிஒய்-எம்1: 6 மீட்டர் கம்பி, உள்ளே பொத்தான் பேட்டரி, ஹெட்போன் துளை உள்ள என் பழைய போனில் நேரே செருகலாம். எல்லாத் திசையிலும் கேட்கும் வகை என்பதால் கிட்டே இருந்தாலும் அடிக்குரல் ஊதாது. முந்தானையில் மாட்டினேன். புடவை உரசியது, தாடை மறைத்ததால் குரலும் மங்கலாக இருந்தது. நாடக மேடையில் மைக்கை நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் வைப்பார்கள். அதையே செய்தேன். கிளிப்பைக் கழற்றிவிட்டு, வகிட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கொண்டை ஊசியால் மைக்கைக் குத்தி, கம்பியைப் பின்னலோடு முதுகுக்குப் பின்னால் இறக்கினேன். “பூ வைக்கிற மாதிரியே இருக்குய்யா” என்றாள். வளையல்களை அவளே கழற்றிவைத்தாள்.

இப்போது வாரத்தில் இரண்டு ராத்திரி, பத்தரைக்கு மேல், விசிறியை அணைத்துவிட்டு உட்காருகிறோம். போனில் சுருக்காத வேவ் கோப்பாகப் பதிகிறேன். ரயில் வந்தால் அவள் நிறுத்துவதில்லை, நானும் நிறுத்தச் சொல்வதில்லை. அந்த வரியை மட்டும் பிறகு இன்னொரு முறை பாடச் சொல்லி வாங்கிக்கொள்கிறேன். இதுவரை 14 பாட்டு. ஆடிக்கொண்டேதான் பாடுகிறாள். நேற்றுப் பாடி முடித்ததும் மைக்கைக் கழற்ற விடாமல், “இரு, எங்க ஆச்சி பாடுனது ஒண்ணு இப்பத்தான் வருது” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.