திண்டுக்கல்லுக்கு மேற்கே 60 கிலோமீட்டர்

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாக நடந்து வருகிறவர்களுக்குத் திண்டுக்கல் தாண்டும்போதே கால் பாதி போயிருக்கும். பழனிக்கு இன்னும் சுமார் 60 கிலோமீட்டர். நேர்த்திக்கடனின் அசல் கணக்கு இங்கேதான் ஆரம்பம்.

கொப்புளத்துக்குத் தூரத்தைவிட ஈரம்தான் பெரிய காரணம். விடிகாலைப் பனியில் ஊறிய பாதம், பத்து மணிக்கு மேல் கொதிக்கிற தார், விரலிடுக்கில் ஒட்டிய மணல், இவை சேர்ந்தால் தோல் கழன்றுவிடும். வெறுங்காலில் வருகிறவர்கள் சாலையோர வெள்ளைக் கோட்டின் மேலேயே நடப்பதைப் பார்க்கலாம். கருந்தாரைவிட அங்கே சூடு குறைவு.

பெரிய பந்தல்களில் எல்லாம் கிடைக்கும், வரிசையும் நிற்கும். ஆனால் கால் மடங்கி உட்காரும் இடம் எப்போதும் இரண்டு பந்தல்களுக்கு நடுவில்தான் அமையும். அங்கே ஒரு பஞ்சர் கடை இருக்கும். டியூப் முக்கிப் பார்க்கிற தொட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, வேறொரு வாளியில் வெந்நீரும் ஒரு கைப்பிடி கல்லுப்பும் கொண்டுவந்து, "காலை வைங்க சாமி" என்பார் கடைக்காரர். பத்து நிமிடம் போதும். கொப்புளத்தின் தோலை உரிக்கக் கூடாது. காலை நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டுத்தான் எழ வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் முதலில் முழங்கையை நனைத்துச் சூடு பார்த்துக்கொள்வது நல்லது. மரத்த பாதத்துக்கு வெந்தது தெரியாது.

பெண்கள் பலர் தண்ணீரே குடிக்காமல் நடப்பார்கள். தாகம் இல்லாமல் அல்ல, ஒதுங்க இடம் இல்லாமல். கெண்டைக்கால் இழுப்பதும் நீர்க்கடுப்பு வருவதும் பெரும்பாலும் இதனால்தான். இதை வாய்விட்டுக் கேட்க வேண்டியதே இல்லை. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் பெண் முகத்தைப் பார்த்தே, "உள்ளே வாங்கக்கா, கொல்லையில பாத்ரூம் இருக்கு" என்று கூப்பிட்டுவிடுவார். அந்த ஒரு வார்த்தைக்குப் பத்து அன்னதானம் ஈடாகாது.

ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டத்துக் கிணறுகள். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில்தான் மோட்டார் ஓடும். அந்த நேரத்தில் வயலுக்குப் போகிற தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டு, முன்பின் தெரியாத ஐம்பது பேரைக் குளிக்கச் சொல்வது விவசாயிக்குச் சின்ன விஷயம் இல்லை. பதிலுக்கு வாய்க்காலில் சோப்பு நுரையும் ஷாம்பு உறையும் மிதக்கவிட்டுப் போகிறார்கள் சிலர். முருகா! வாங்கிய பொங்கலில் பாதியைத் தொன்னையோடு ரோட்டில் எறிகிறவர்களும் இதே கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். ஒரு பந்தலில் சாப்பிட்டால் அடுத்த பந்தலில் கும்பிட்டுவிட்டு நடக்கலாமே.

அடிவாரம் வந்ததும் நிலைமை தலைகீழ். "சீக்கிர தரிசனம்" என்று காதோரம் கிசுகிசுப்பவர்களின் பின்னால் போனால் பணமும் போகும், கூட வந்தவர்களும் தொலைந்து போவார்கள். பேச்சே கொடுக்காமல் நடக்க வேண்டும். மேலே ஏற 693 படிகள். முழங்கால் முறைத்தால் யானைப்பாதையின் சரிவு தேவலை. இடும்பனை வணங்கும் சாக்கில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

சன்னிதியில் கிடைப்பது சில நொடிகள். பின்னால் நெரிசல், முன்னால் "நகருங்க, நகருங்க". கையில் தண்டு, இடையில் கோவணம், வேறொன்றும் வைத்துக்கொள்ளாத ஆண்டவன். ஊரில் புறப்படும்போதே மனப்பாடம் செய்து வந்த வேண்டுதல், மகள் கல்யாணமோ மகன் வேலையோ, அந்த நேரத்தில் நாவில் வராது. அரோகராதான் வரும். அதற்குப் பின்னாலேயே வந்து நிற்பது அந்த வாளி வெந்நீரும், நாம் பேர்கூடக் கேட்காமல் வந்துவிட்ட அந்தக் கொல்லைக்கதவுக்காரியும். அவர்கள் வீடு நல்லா இருக்கணும் அப்பனே என்று சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் வெளியே தள்ளிவிடும்.