அவசரப்படக் கூடாத கட்டி

"ஒரு பக்கம் மட்டும் கட்டி மாதிரி இருக்கு டாக்டர்." வளரிளம் பருவ கிளினிக்கில் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். சொல்வது அம்மா, பத்து, பதினோரு வயதுப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தொட்டுப் பார்த்தால் முலைக்காம்புக்கு நேர் கீழே பொத்தான் அளவில் சற்றுக் கெட்டியான வட்டத் திசு. அழுத்தினால் வலிக்கும், சட்டை உரசினாலும் வலிக்கும். இது மார்பக மொட்டு. பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள் அரும்பும். பெரும்பாலும் ஒரு பக்கம் முந்திக்கொள்ளும், மறுபக்கம் சில மாதங்கள் கழித்து வரும்.

இந்த இடத்தில் செய்யவே கூடாதது கத்தி வைப்பது. வருங்கால மார்பகம் முழுவதும் அந்தச் சிறு திசுவிலிருந்துதான் வளர வேண்டும். கட்டி என்று நினைத்து அதை அகற்றினாலோ, பயாப்ஸிக்காக (சோதனைக்குத் திசுத் துணுக்கு எடுப்பது) சேதப்படுத்தினாலோ அந்தப் பக்கம் வளர்ச்சியே இல்லாமல் போகலாம். சந்தேகம் தீரவில்லையா, அல்ட்ராசவுண்ட் போதும். மொட்டு தெரிந்து ஏறக்குறைய 2 முதல் 3 வருடத்தில் முதல் மாதவிடாய் வரும் என்று அம்மாவிடம் அப்போதே சொல்லிவிட்டால், இன்னொரு பயமும் தானே குறையும். 8 வயதுக்கு முன்பே மொட்டு வந்தாலோ, 13 முடிந்தும் எதுவும் தெரியாவிட்டாலோ ஹார்மோன் பரிசோதனை வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரே அளவாக இல்லை என்பது அடுத்த கவலை. சிறு வித்தியாசம் பெரியவர்களுக்கும் உண்டு. இங்கே பலர் தவறவிடுவது முதுகை. பெண்ணை முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தால் விலா எலும்பு ஒரு பக்கம் துருத்தி, மார்பு ஏற்றத்தாழ்வாகத் தெரியும். மார்புத் தசையே ஒரு பக்கம் இல்லாமலும் அபூர்வமாகப் பிறப்பதுண்டு. அளவைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சை வளர்ச்சி முடியும்வரை தள்ளிப்போடுவதே நல்லது. அதுவரை சிறிய பக்கத்துக்குப் பிராவுக்குள் ஒரு பேடு போதும்.

பதினைந்து வயதுக்கு மேல் வரும் கட்டி வேறு ரகம். ரப்பர் போல, வலியில்லாமல், விரலுக்குப் பிடிபடாமல் நழுவினால் பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா, அதாவது புற்றுநோய் அல்லாத கட்டி. இந்த வயதில் புற்றுநோய் மிக மிக அபூர்வம். அடர்த்தியான இளம் திசுவில் மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) எதுவும் தெளிவாகத் தெரியாது. அதை எழுதிக் கொடுப்பது வீண் கதிர்வீச்சு. அல்ட்ராசவுண்ட் எடுத்து, சில மாதங்கள் கழித்து மறுபடி அளந்து ஒப்பிட்டால் போதும். வேகமாகப் பெருத்தாலோ, 5 செ.மீ. தாண்டினாலோ அறுவை நிபுணர் பார்க்க வேண்டும். கட்டி அசையாமல் ஒட்டியிருப்பது, மேல்தோல் குழிவது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, சிறு வயதில் மார்புக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

மாதவிடாய்க்கு முந்தைய வாரம் இரு பக்கமும் கனத்து வலிப்பது ஹார்மோன் வேலை, வந்ததும் தணியும். வலிக்கு மாத்திரையைவிட அளவான பிரா பல நேரம் உதவுகிறது. பாரத்தைத் தாங்க வேண்டியது மார்புக்குக் கீழே ஓடும் பட்டை. தோளில் பள்ளம் விழுகிறதென்றால் பட்டை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம், தோள்பட்டியை மேலும் இழுத்துக் கட்டிப் பயனில்லை. வளரும் காலத்தில் சில மாதங்களுக்கொருமுறை மீண்டும் அளக்க வேண்டும்.

பரிசோதனைக்குப் பெண்ணின் சம்மதமும், கூடவே அம்மாவோ நர்ஸோ இருப்பதும் கட்டாயம். ஆனால் பேச்சுக்கு, சில நிமிடமாவது அம்மா வெளியே உட்காரட்டும். சிவந்து வீங்கிச் சீழ் கோத்த மார்பகத்துக்குக் காரணம் காம்பைச் சுற்றியிருந்த முடியைப் பிடுங்கியதோ, கருவட்டத்தில் இயல்பாக இருக்கும் சிறு புடைப்புகளைப் பரு என்று கிள்ளியதோ, காம்பில் குத்திக்கொண்ட வளையமோ என்பது அப்போதுதான் தெரியவரும். பால் போலக் கசிவு இருந்தால் கர்ப்பப் பரிசோதனை, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), தைராய்டு என்று எழுதுமுன், வாந்திக்கோ மனநலத்துக்கோ என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்றும் அப்போதே கேட்டுவிடலாம். டோம்பெரிடோனும் ரிஸ்பெரிடோனும் இப்படிக் கசிய வைக்கும்.