எபேசுல அம்மா சொன்ன ஜெபமாலை

"எபேசியருக்கு எழுதிய திருமுகத்திலிருந்து வாசகம்"னு பூசையில எத்தனை தடவை கேட்டிருப்பேன், ஆனா எபேசுன்னா கல்லும் தெருவுமா நாம நடந்து போகக்கூடிய ஒரு ஊர்னு எனக்குத் தோணினதே இல்ல. அந்த ஊர் இருக்கற துருக்கிக்கு நான், என் வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, கூட அம்மாவும் போனோம்.

முதல் நாள் சாயங்காலமே எபேசு பக்கத்து ஊரான செல்சுக் வந்துட்டதால நேரா அயசுலுக் குன்றுக்கு ஏறிட்டோம். அருளப்பர், அதாவது யோவான், கல்லறை மேல ஜஸ்டினியன் பேரரசர் 6ஆம் நூற்றாண்டுல கட்டின பெரிய கோயில் அது, இப்ப தூணும் அரைச்சுவரும்தான் மிச்சம். அங்கருந்து கீழ பாத்தா ஆர்ட்டெமிஸ்ங்கற கிரேக்க தேவதையோட கோயில் இருந்த இடத்துல ஒத்தைத் தூண் நிக்குது. உலக அதிசயம் ஏழுல ஒண்ணா இருந்த கோயில்.

மறுநாள் காலையில மாதா வீடு. மாதா கடைசிக் காலத்துல இருந்ததா நம்புற, 1891ல கண்டுபிடிச்ச சின்ன கல் வீடு, மலை மேல மரங்களுக்கு நடுவுல இருக்கு. முக்காடு போட்ட முஸ்லிம் பெண்களும் எங்களோட வரிசையில நின்னு வேண்டிக்கிட்டாங்க, அது எனக்கு ரொம்ப பிடிச்சுது.

அப்புறம் பழைய நகரம். மேல் வாசல் வழியா போங்க, தெரு சரிவா இறங்குறதால வயசானவங்களுக்கு ஈசி, ஆனா பளிங்குக் கல்லு வழுக்கும், அம்மா கையை நான் விடவே இல்ல. செல்சுஸ் நூலகத்துல எல்லாரும் போட்டோ எடுப்பாங்க, நாங்களும் எடுத்தோம். ஆனா எனக்கு மெய்சிலிர்த்தது தியேட்டர்லதான். சுமார் 25,000 பேர் உக்காரக்கூடிய இடம், தெமேத்திரியுங்கற தட்டான் சின்னப்பருக்கு, அதாவது பவுலுக்கு, எதிரா கிளப்பிவிட்ட கூட்டம் ரெண்டு மணி நேரம் கத்தினது இங்கதான். என் வீட்டுக்காரர் சிஎஸ்ஐ சபை (புரோட்டஸ்டண்ட்), அந்தக் கூட்டம் கத்தின "எபேசியருடைய தியானாளே பெரியவள்"ங்கற வசனத்தை மனப்பாடமா சொன்னார் (தியானாள்னா ஆர்ட்டெமிஸ்தான்), பெரியவன் உடனே மேல் படிக்கு ஓடி அங்கருந்து கேக்குதுன்னு கையாட்டினான்.

கடைசியா, கீழ் வாசல் பக்கம் கொஞ்சம் உள்ள தள்ளி மாதா கோயில் இடிபாடு இருக்கு. நாங்க போனப்ப ஒருத்தரும் இல்ல, எல்லாரும் பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. தயவுசெஞ்சு இதை விட்டுடாதீங்க. 431ல ஏறக்குறைய 200 ஆயர்கள் கூடினது இங்க. மரியாளை கிறிஸ்துவின் தாய்னு சொன்னா போதும், கடவுளின் தாய்னு சொல்ல வேண்டாம்னு கான்ஸ்டான்டிநோபிள் ஆயரா இருந்த நெஸ்தோரியுஸ் சொன்னதை மறுத்து, கடவுளின் தாய்னு சொல்றதுதான் சரின்னு அந்தச் சங்கம் நிலைநாட்டுச்சு. இதை அம்மாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "அப்ப நாம தினமும் சொல்றது இங்கதான் முடிவாச்சா"ன்னு கேட்டாங்க. ஆமாம்மான்னேன்.

ஒரு கல்லுல உக்காந்து ஜெபமாலையை எடுத்தாங்க. அம்மா இன்னும் பழைய மந்திரம்தான் சொல்லுவாங்க. "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே"ன்னு வரும்போது ஒவ்வொரு தடவையும் நிதானமா, அழுத்திச் சொன்னாங்க. அவர் பக்கத்துல தொப்பியைக் கழட்டிட்டு நின்னார், சின்னவ பாட்டி மடியில தலை வெச்சுக்கிட்டா. அம்பத்துமூணு மணியும் முடியற வரைக்கும் நாங்க எழுந்திரிக்கல.