கடல் நடுவே நல்ல தண்ணீர்

நொய்யல் கரையில் வளர்ந்தவனுக்கு உப்பு புதிதில்லை. எங்கள் ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருப்பூர்ச் சாயக்கழிவு ஆற்றோடு இறங்கி வந்து அணையில் தேங்கியது. அங்கிருந்து கிணறுகளுக்குள் கசிந்தது. அம்மாவின் அப்பாவான அப்பிச்சி வைத்த தென்னைகள் குருத்துக் கருகின. உப்பேறிய சப்பைத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, நல்ல தண்ணீர்க் குடத்தைத் தனியே மூடி வைப்பார். அந்த வீட்டிலிருந்து போய், ஒரு சொகுசுக் கப்பலில் ஜன்னல் துடைக்கும் வேலையில் சேர்ந்தேன்.

மாலையில் துறைமுகத்தை விடும் கப்பல் இரவெல்லாம் ஓடும். அலை உடைந்து தெறிக்கும் துளிகளைக் காற்று மேல்தளம் வரை தூக்கி வரும். நீர் உலர்ந்துவிடும், உப்பு நிற்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. விடியும்போது உணவுக்கூடத்துக் கண்ணாடிகள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும். பயணிகள் காலை உணவுக்கு வருவதற்குள் அவை தெளிய வேண்டும்.

முதல் நாள் காலையில் துணியை எடுத்து நேராகத் தேய்க்கப் போனேன். டெக் வேலைகளைக் கவனிக்கும் போசன் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். உலர்ந்த உப்போடு தூசுமணலும் ஒட்டியிருக்கும். தேய்த்தால் கீறல் விழும், கீறலை எந்தச் சோப்பும் எடுக்காது என்றார். பிறகு குழாயைத் திறந்து மேல் விளிம்பிலிருந்து நல்ல தண்ணீரை நிதானமாக வழியவிட்டார். உப்பு தானாகக் கரைந்து இறங்கியது. அதற்குப் பிறகுதான் நீண்ட கம்பில் மாட்டிய பிரஷ், சோப்பு நீர், மறுபடி தண்ணீர், கடைசியில் ரப்பர் வைப்பர். ஒவ்வோர் இழுப்புக்கும் ரப்பர் விளிம்பைத் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் கோடு விழும். உள்ளே அமர்ந்து கடலைப் பார்ப்பவருக்கு அந்தக் கோடுதான் முதலில் தெரியும்.

வெயில் இந்த வேலைக்குப் பகை. சூடேறிய கண்ணாடியில் சோப்பு நீர் வழிப்பதற்குள் காய்ந்து திட்டாகிவிடும். அதனால் நிழல் விழும் பக்கத்தில் தொடங்குவோம். நிலத்தில் ஒரு வீட்டின் கிழக்குச் சுவர் என்றும் கிழக்குச் சுவர்தான். கப்பல் திரும்பினால் நிழலும் பக்கம் மாறிவிடும். வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பக்கத்துக்கு நடக்க வேண்டும். பின்பகுதிக் கண்ணாடிகளில் புகைபோக்கிக் கரி எண்ணெய்ப் பிசுக்கோடு படியும். அதற்குத் தண்ணீர் மட்டும் போதாது.

வெளிப்புறத்தில் தொங்கிச் செய்யும் வேலை துறைமுகத்தில் நிற்கும்போது மட்டும்தான். எழுத்துமூலம் அனுமதி, உடம்பில் பாதுகாப்புப் பட்டை, மேலே கண்காணிக்க ஒருவர் என மூன்றும் இல்லாமல் யாரையும் இறக்க மாட்டார்கள். சில துறைமுகங்களில் சோப்பு நீர் ஒரு சொட்டுகூடக் கடலில் விழக் கூடாது. கழிவு ஓடிய ஆற்றின் கரையிலிருந்து போன எனக்கு அந்தக் கண்டிப்பு மிகவும் பிடித்திருந்தது.

என்னை உறுத்தியது வேறொன்று. எங்கள் வீட்டில் குடிநீர்க் குழாய் திறக்கும் நாளுக்காகக் குடங்கள் வரிசையில் காத்திருக்கும். இங்கே நான் கண்ணாடிக்கு நல்ல தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் இயந்திர அறையில் வேலை பார்த்த தூத்துக்குடி அண்ணன் கீழே அழைத்துப்போய்க் காட்டினார். இயந்திரத்தின் வீண் வெப்பத்தைக் கொண்டு, காற்றழுத்தத்தைக் குறைத்து, குறைந்த சூட்டிலேயே கடல்நீரை ஆவியாக்கிக் குளிரவைக்கிறார்கள். சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் கருவியும் உண்டு. துறைமுகத்து அழுக்கு நீரில் இவற்றை இயக்குவதில்லை. ஆவியாகிக் குளிர்ந்த நீரில் உப்பு அநேகமாக இல்லை. குடிக்கக் கொடுப்பதற்கு முன் தாதுக்களைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. உலர்ந்தாலும் கண்ணாடியில் ஒரு பொட்டு நிற்காது. அந்தச் சவ்வுக் கருவியை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவை முழுவதும் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றான பிறகு திருப்பூரில் ஓடுவதும் அதே முறைதான். கடலையே நல்ல தண்ணீராக்க முடிகிறபோது, எங்கள் ஆற்றுக்கு அதைச் செய்ய ஏன் அத்தனை தாமதம் என்ற கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

விடுப்பில் வந்தபோது எங்கள் வீட்டு ஜன்னல்களைக் கழுவினேன். கப்பலில் செய்த அதே ஒழுங்கு, அதே கை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உலர்ந்ததும் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகள். புளிக்கரைசலைத் தேய்த்து எடுத்தேன். அலசியதும் மறுபடி புள்ளிகள்.

ஐப்பசி மழையில் ஓட்டுத் தாழ்வாரத்தின் கீழ் ஒரு டிரம் வைத்தேன். நிறைந்ததும் அதிலிருந்து ஒரு சொம்பு மொண்டு கண்ணாடியின் மேல் விளிம்பில் ஊற்றினேன். அம்மிச்சி பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நல்ல தண்ணீரையா கண்ணு ஜன்னலுக்கு ஊற்றுகிறாய்?”

“ஒரு சொம்புதான் அம்மிச்சி.”

அவர் எழுந்து வந்து, வழிந்து இறங்கிய தண்ணீரைப் பிடிக்க ஜன்னலுக்குக் கீழே ஒரு வாளியை வைத்தார். அந்தத் தண்ணீர் அன்று மாலை கறிவேப்பிலைச் செடிக்குப் போனது.