28 தாள் அஸ்பிரின்

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டபோது, பரமேஸ்வராச் சந்தித் தேத்தண்ணிக் கடையைப் பற்றியோ, நல்லூர்த் திருவிழா நாட்களில் வெட்டிய விரிவுரைகளைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அவற்றை எப்படியும் வேறு யாராவது எழுதுவார்கள். எனக்குக் காதுக்குள் கேட்டது ஒரு டொட் மேட்ரிக்ஸ் பிறின்ரரின் சத்தம். தகரத்தை அரத்தால் ராவுவது போன்ற சத்தம். சரி, அதையே எழுதுகிறேன்.

2003ஆம் ஆண்டு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான் இரண்டாம் வருடம். ஏ-9 பாதை திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சாமான்கள் வரத் தொடங்கிவிட்டாலும், தாளைக் கண்டால் எடுத்துப் பத்திரப்படுத்தும் குணம் எங்களை விட்டுப் போகவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சாகி வந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அல்லவா? கலண்டர் தாளின் பின்பக்கம்கூட வீண்போகாது.

அந்தத் தவணைச் செய்முறையில் அஸ்பிரின் செய்தோம். சலிசிலிக்கமிலமும் அசற்றிக் நீரிலியும், கூடவே சில துளி சல்பூரிக்கமிலம். வந்த வெள்ளைத் தூளில் பெரிக்குளோரைட்டுக் கரைசலை விட்டுப் பார்த்தோம். ஊதா வரவில்லை. மிஞ்சிய சலிசிலிக்கமிலம் இல்லை என்று அர்த்தம். ஆனால் சேருக்கு அது போதவில்லை. கொழும்புக்குப் போனபோது எங்கள் தூளில் கொஞ்சத்தைக் கொண்டுபோய், ஐ.ஆர். (அகச்சிவப்பு) நிறமாலை எடுப்பித்து, ஒரு ஃப்ளொப்பியில் கொண்டுவந்து தந்தார்.

அதில் இருந்தது படம் இல்லை, இரண்டு நிரல் எண்கள். ஒன்று அலையெண், அதாவது ஒரு சென்ரிமீற்றருக்குள் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை; மற்றது எவ்வளவு ஒளி கடந்தது என்ற வீதம். 4000இல் தொடங்கி இரண்டிரண்டாக இறங்கி 400இல் முடியும். மொத்தம் 1801 வரிகள். மாதிரியின் மூலக்கூறுகள் எந்த அலையெண்ணில் ஒளியை விழுங்குகின்றனவோ அங்கே வீதம் சரியும். மென்பொருள் அந்தச் சரிவுகளைக் கோடாக வரைந்து காட்டும்.

கணினி ஆய்வுகூடத்தில் அந்த மென்பொருள் ஒரு கணினியில் மட்டும் இருந்தது. கறுப்புத் திரையில் ஓடும் பழைய டொஸ் காலத்துச் சாமான். அச்சிடப் போனால் இரண்டு தெரிவுகள் வரும்: ‘பிளொட்’ என்றால் கோட்டுப் படம், ‘டேற்றா’ என்றால் வெறும் எண்கள். யாழ்ப்பாணம் அப்போது தேசிய மின்வலையோடு இணைந்திருக்கவில்லை. சுன்னாகத்து ஜெனரேற்றர்களை நம்பித்தான் கறண்ட். நிற்பதற்கு முன் அடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்க, நான் ‘டேற்றா’வை அழுத்தினேன்.

பிறின்ரர் ராவத் தொடங்கியது. 4000, 3998, 3996. முதல் தாள் முடிந்து இரண்டாவது வந்தபோதுதான் விளங்கியது. ஒரு தாளுக்கு 66 வரி. 27 தாள் நிறைந்து, 28ஆவதில் 19 வரியோடுதான் அது ஓயும். செய்முறைக்குப் பொறுப்பான டெமோ அக்கா ஒன்றும் சொல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றா. அந்த மௌனம் ஏச்சைவிட மோசமாக இருந்தது.

சத்தம் ஓய்ந்ததும் சொன்னா: “உம்மட அஸ்பிரின் உதுக்குள்ளதான் கிடக்கு. தேடி எடும்.”

கிழிக்காத தொடர்தாள். விரித்தால் 25 அடிக்கு மேல். விறாந்தையில் நீட்டிப் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் செருப்புகளைக் கழற்றிப் பாரம் வைத்தோம். பென்சிலோடு 4000இலிருந்து குனிந்தபடி நடந்தேன். 6ஆம் தாளில் எண்கள் சரியத் தொடங்கி 12ஆம் தாள் மட்டும் ஏறியிறங்கிக் கிடந்தன. அது அமிலத்தின் ஐதரொட்சில் (OH). சலிசிலிக்கமிலமாக இருந்தால் 3230க்குக் கிட்ட, அதே 6ஆம் தாளில், தனியாக ஒரு கூர்ச்சரிவு நின்றிருக்கும். இல்லை. 18ஆம் தாளின் மேற்பகுதியில், 1750க்குக் கிட்ட, எண்கள் கிணற்றுக்குள் விழுந்ததுபோல இறங்கி ஏறின. எசுத்தரின் காபனைல் (C=O). சலிசிலிக்கமிலத்தில் எசுத்தர் இல்லை, அஸ்பிரினில் உண்டு. அதே தாளில் முப்பது வரி கீழே, 1690 அளவில், இன்னொரு கிணறு. அது அமிலத்தின் காபனைல். “இஞ்ச கிடக்கு!” என்று கத்திவிட்டேன். பக்கத்து வகுப்பிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

இன்றைக்கு ரொறன்ரோவில் வேலைத்தலத்தில் நிறமாலை ஒரு நொடியில் வந்து, உச்சிகளுக்கு மென்பொருளே பெயரும் எழுதிவிடுகிறது. வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனாலும் 1750 என்ற எண்ணைத் திரையில் பார்க்கும்போது எனக்கு 18ஆம் தாள்தான் ஞாபகம் வருகிறது.

அடுத்து வரைபுத் தாளில் கையால் கீறச் சொன்னா அக்கா. கணிதத்தில் பழகியபடி சின்ன எண்ணை இடப்பக்கம் வைத்துக் கீறினேன். அக்கா தாளைப் பின்பக்கமாகத் திருப்பி யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, “இப்ப சரி” என்றா. ஐ.ஆரில் பெரிய அலையெண் இடப்பக்கம்தான். அலைநீளத்தில் கீறிய பழைய வழக்கத்தின் மிச்சம் என்று பிறகு படித்தேன். 4000 என்பது 2.5 மைக்ரோமீற்றர், 400 என்பது 25. அலைநீளம் இடமிருந்து வலமாக ஒழுங்காகத்தான் கூடுகிறது.

அந்த 28 தாள்களின் பின்பக்கத்தில் எங்கள் அணியே அசேதன இரசாயனக் குறிப்பு எழுதியது. ஓரத்தில் துளைபோட்ட கீற்றுகளைத் தங்கச்சி பொம்மைக்கு மாலையாகப் போட்டாள்.

போன வருடம் அக்காவோடு தொலைபேசியில் கதைத்தபோது, இவ்வளவு காலமும் மனதில் கிடந்ததைக் கேட்டேன். “அண்டைக்கு முதல் தாளிலேயே நிப்பாட்டியிருக்கலாமே, அக்கா? என்னைப் படிப்பிக்கத்தானே விட்டனீங்கள்?”

கொஞ்ச நேரம் சிரித்தா.

“சும்மா இரும். அதை எங்க நிப்பாட்டிறது எண்டு எனக்கு எங்க தெரியும்?”