காத்திருந்தது 250 நாள், தேறியது 96 நாள்: ஜாக் ஐக்கலின் கழுத்து

2021 மார்ச் 7 அன்று நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தில், பஃபலோ சேபர்ஸ் ஐஸ் ஹாக்கி அணித்தலைவர் ஜாக் ஐக்கல் மீது எதிரணிக்காரர் மோதினார். கழுத்தில் டிஸ்க் பிதுங்கியது. அறுவை சிகிச்சை நவம்பர் 12 அன்றுதான் நடந்தது. 2022 பிப்ரவரி 16 அன்று மறுபடி களமிறங்கினார். நாட்களை எண்ணிப் பாருங்கள்: அறுவைக்கு முன் 250 நாள், அதற்குப் பின் வெறும் 96. ஐஸ் ஹாக்கியில் காயம் பற்றிப் பேசும்போது உடம்பு எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்றே கேட்கிறோம். இவர் விஷயத்தில் நாட்களைத் தின்றது உடம்பு அல்ல, எந்த அறுவை செய்வது என்கிற தகராறு.

முதலில் ஆளைப் பற்றி. மாசசூசெட்ஸ்காரர். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டிலேயே 40 ஆட்டங்களில் 71 புள்ளிகள் எடுத்து (கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும் தலா ஒரு புள்ளி) அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹோபி பேக்கர் விருதை வென்றார். வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீகான என்எச்எல்லில், அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் 2015 தேர்வில் கானர் மெக்டேவிட்டுக்கு அடுத்து, இரண்டாவதாக எடுக்கப்பட்டார். பஃபலோவில் ஆறு பருவம், 375 ஆட்டம், 355 புள்ளி. அத்தனைக்கும் பிறகு அந்த அணி ஒருமுறைகூட பிளேஆஃபை (பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) எட்டவில்லை.

இனி கழுத்து. "ஜவ்வு விலகிடுச்சு" என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் எதுவும் இடம் விட்டு நகர்வதில்லை. இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்கின் வெளிவளையம் கிழிந்து, உள்ளே இருக்கும் கூழ் பின்பக்கமாகப் பிதுங்குகிறது. பக்கவாட்டில் பிதுங்கினால் கைக்குப் போகும் நரம்பை அழுத்தும்: தோளிலிருந்து விரல்வரை வலி, மரமரப்பு, பிடி தளர்தல். நடுவில் பிதுங்கினால் தண்டுவடத்தையே தொடும். அது இன்னும் ஆபத்து. ஹாக்கிக்காரருக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. இடுப்பை மடக்கி முன்னால் சாய்ந்து சறுக்கிக்கொண்டே கண்ணை மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். கழுத்து எந்நேரமும் பின்னால் வளைந்தே நிற்கும். அப்படி வளையும்போதுதான் நரம்பு வெளிவரும் துளை மேலும் குறுகுகிறது. ஐக்கல் ஆடும் சென்டர் இடத்தில், ஒவ்வொரு ஃபேஸ்ஆஃபுக்கும் (நடுவர் போடும் பக்குக்காக இருவர் எதிரெதிரே நின்று போட்டியிட்டு ஆட்டம் தொடங்குவது) இன்னும் தாழ்வாகக் குனிந்து நிற்கவும் வேண்டும்.

பிதுங்கிய டிஸ்குகளில் பெரும்பாலானவை 6 முதல் 12 வாரத்தில், கத்தி படாமலே அடங்கிவிடும். அதனால் முதல் 12 வாரம் ஓய்வும் பிசியோதெரபியும் என்று தொடங்கியதில் தவறில்லை. தகராறு அதற்குப் பிறகு வந்தது. அணி மருத்துவர்கள் சொன்னது இணைப்பு அறுவை: டிஸ்கை எடுத்துவிட்டு, இடையில் எலும்புத் துண்டு வைத்து, தகடும் திருகும் போட்டு இரண்டு முள்ளெலும்புகளை ஒன்றாக்கிவிடுவது. 1950களிலிருந்து நடக்கும், நன்றாகச் சோதிக்கப்பட்ட வழி. ஐக்கல் கேட்டது செயற்கை டிஸ்க். அமெரிக்காவில் கழுத்துக்கான முதல் செயற்கை டிஸ்க் 2007இல்தான் அனுமதி பெற்றது. என்எச்எல் ஆட்டக்காரர் ஒருவருக்கும் அதுவரை வைத்ததில்லை.

இரு பக்கமும் நியாயம் இருந்தது. இணைத்த மூட்டு அசையாது. அந்த அசைவின் சுமை மேலும் கீழும் உள்ள டிஸ்குகளுக்குப் போகும். இணைப்பு செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குப் பத்தாண்டுக்குள் பக்கத்து மூட்டில் தொல்லை வருகிறது (அது இணைப்பால் வந்ததா, இயல்பான தேய்மானமா என்பதில் இன்றும் வாதம் உண்டு). 24 வயதுக்காரர் இதை எண்ணிக் கவலைப்பட்டதில் என்ன தவறு? மறுபக்கம், பலகைச் சுவரில் முழு வேகத்தில் மோதும் ஒரு கழுத்தில் செயற்கை மூட்டு நிலைக்குமா என்பதற்கு இந்த ஆட்டத்தில் முன்னுதாரணம் இல்லை. அப்போதைய லீக் ஒப்பந்தப்படி ஆட்டக்காரர் வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்கலாம்; ஆனால் சிகிச்சையில் கடைசிச் சொல் அணி மருத்துவருடையதாக இருந்தது. செப்டம்பரில் தலைவர் பதவியும் போனது. நவம்பர் 4 அன்று அவரை வாங்கிய வேகஸ் கோல்டன் நைட்ஸ் அவர் கேட்ட அறுவைக்கு ஒத்துக்கொண்டது. எட்டே நாளில் அறுவை முடிந்தது. தன் கழுத்தில் என்ன வைப்பது என்பதை முடிவு செய்ய ஒருவர் அணி மாற வேண்டி வந்தது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

இந்த அறுவை பொதுவாக இப்படி நடக்கும். நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். கழுத்தின் முன்பக்கம், தோல் மடிப்பை ஒட்டி, 3–4 செ.மீ. கீறல். மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒரு பக்கமும் பெரிய ரத்தக்குழாயை மறுபக்கமும் ஒதுக்கினால் எலும்பு தெரியும். தசையை அதிகம் அறுக்க வேண்டியதில்லை. எந்த மூட்டு என்பதை எக்ஸ்ரேயில் உறுதி செய்த பிறகே டிஸ்கை எடுப்பார்கள். நரம்பை அழுத்தும் துணுக்கு பின்னால் மிச்சமிருந்தால் வலி போகாது, ஆகவே இந்தக் கட்டத்தில் அவசரம் கூடாது. பிறகு மாதிரி அளவுகளை வைத்துப் பார்ப்பார்கள். உயரம் பெரும்பாலும் 5–7 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் பின்பக்கச் சிறு மூட்டுகள் இழுபட்டு வலிக்கும். நடுக்கோட்டிலிருந்து விலகினால் அசைவு ஒருபுறம் கோணும். தொண்டை கரகரப்பும் விழுங்கச் சிரமமும் சில வாரம் இருக்கலாம். நாளடைவில் மூட்டைச் சுற்றி வேண்டாத எலும்பு வளர்ந்து, அசைவுக்காக வைத்த டிஸ்கே அசையாமல் போவதும் உண்டு. எலும்பு பலவீனமானவர்களுக்கும் பின்பக்க மூட்டு ஏற்கெனவே தேய்ந்தவர்களுக்கும் இது ஏற்றதல்ல.

96 நாளில் திரும்ப முடிந்ததற்குக் காரணம் எளியது: இணைப்பில் எலும்பு ஒட்டி வளரக் காத்திருக்க வேண்டும், அதற்கே பல மாதம்; செயற்கை டிஸ்கில் உலோகம் எலும்பைப் பிடித்துக்கொண்டாலே போதும். வழக்கமாக முதல் சில வாரம் நடையும், கழுத்தை அசைக்காமல் தசையை மட்டும் இறுக்கும் பயிற்சியும். பாரம் தூக்கக் கூடாது. ஆறாவது வாரம் அளவில் குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்து, டிஸ்க் நகரவில்லை என்று தெரிந்த பிறகே எடை கூட்டுவார்கள். ஹாக்கிக்காரருக்கு அடுத்தது தனியே சறுக்கல், பிறகு மோதலற்ற பயிற்சி, கடைசியாகத்தான் மோதல். கால் தயாராகிவிடும், கழுத்துத் தசை பின்தங்கும். அந்த இடைவெளியில் அவசரப்படுவதுதான் ஆபத்து.

அவர் திரும்பிய முதல் ஆட்டத்தில் வேகஸ் கொலராடோவிடம் 0–2 எனத் தோற்றது. அந்தப் பருவம் 34 ஆட்டம், 25 புள்ளி. அடுத்த பருவம் 67 ஆட்டம், 66 புள்ளி. உண்மையான சோதனை என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையின் 2023 இறுதிச் சுற்றில், இரண்டாம் ஆட்டத்தில் வந்தது. நடுக்களத்தில் ஃப்ளோரிடாவின் மேத்யூ கச்சக் முழு வேகத்தில் மோத, ஐக்கல் ஐஸில் விழுந்து உடைமாற்றும் அறைக்குப் போனார். அந்தக் கழுத்தின் கதை தெரிந்தவர்களுக்கு அந்த நிமிடங்கள் லேசானவை அல்ல. மூன்றாம் பகுதிக்குத் திரும்பி வந்து சக ஆட்டக்காரர் மார்ஷசோவின் கோலுக்குப் பாஸ் கொடுத்தார். ஜூன் 13 அன்று வேகஸ் கோப்பையை வென்றபோது, அந்த பிளேஆஃபில் எல்லோரையும்விட அதிகமாக, 22 ஆட்டங்களில் 26 புள்ளிகள் அவர் கணக்கில் இருந்தன.