தாய் காவலில் இருக்கும்போதே சேர்த்துவிடுங்கள்

குஞ்சு பொரித்த கோழியை மற்ற இளங்கோழிகள் மேயும் இடத்தில் விடப்போகிறோம் என்றாலே எல்லோரும் குஞ்சுகளுக்காகத்தான் பயப்படுகிறார்கள். நான் அங்கே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று மாத விடலைக் கூட்டத்துக்காகத்தான் பயப்படுவேன். அதிலும் இன்குபேட்டரில் பொரித்து, பல்பு சூட்டில் வளர்ந்து, தாய்க்கோழி என்றால் என்னவென்றே பார்க்காத கூட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு கோழி உடம்பைச் சிலிர்த்து, வாலை விரித்து, தொண்டைக்குள் உறுமிக்கொண்டு நின்றால் ‘தள்ளிப் போ’ என்று அர்த்தம், அது அவற்றுக்குத் தெரியாது. ஏதோ சின்னதாக ஓடுகிறதே என்று கிட்டே போய் ஒரு கொத்து கொத்திப் பார்க்கும், அடுத்த நொடி தாய் அதன் முதுகில் ஏறியிருக்கும்.

பலர் குஞ்சுகள் பெரிதாகட்டும், தாய் விட்டு விலகட்டும், அப்புறம் சேர்க்கலாம் என்று காத்திருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பெரும்பாலான கோழிகள் ஐந்து முதல் எட்டு வாரத்துக்குள் குஞ்சுகளைக் கைவிட்டுவிடும், சில தாய்கள் தாமே கொத்தித் துரத்தவும் செய்யும். அதற்குப் பிறகு சேர்த்தால் குஞ்சுகளுக்கு ஆள் பலமே கிடையாது. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு, நார்வே நாட்டு விலங்கியலாளர் ஷெல்டரப் எப்பே 1920களிலேயே இதை எழுதிவைத்துவிட்டார். அந்த வரிசையின் அடிமட்டத்தில் தன்னந்தனியாகப் போய் விழுவதைவிட, தாய் பக்கத்தில் நின்று உறுமும் நாட்களிலேயே மற்றவை ‘இதுகள் பக்கம் போகக்கூடாது’ என்று கற்றுக்கொள்வது எவ்வளவோ மேல்.

அதற்காகப் பொரித்த மறுநாளே திறந்துவிடச் சொல்லவில்லை. முதல் வாரம் தாயும் குஞ்சுகளும் தனியாகத்தான் இருக்க வேண்டும், ஒன்றன் குரலை மற்றொன்று பழகிக்கொள்ளும் காலம் அது. வயதைவிட நான் பார்ப்பது ஒரு அடையாளத்தைத்தான்: தாய் சட்டென்று குரலை மாற்றினால் எல்லாக் குஞ்சுகளும் ஓடிவந்து இறகுக்கடியில் நுழைகின்றனவா? ஒன்று பின்தங்கி முழித்துக்கொண்டு நின்றால்கூட இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் இது சரியாக வந்துவிடும், இறக்கையும் ஓரளவு முளைத்திருக்கும், ஓட்டமும் வேகமாக இருக்கும்.

அதுவரை நடுவில் கம்பிவலை. ஒரே இடத்தில், ஒன்றையொன்று பார்த்தபடி, ஆனால் தொட முடியாதபடி ஒரு வாரமாவது இருக்க வேண்டும். வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் குஞ்சு நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும், போன வழி தெரியாமல் வலையோரமாகவே கத்திக்கொண்டு ஓடும், தாய் இந்தப் பக்கம் வெறிபிடித்து மோதும். வெறும் பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைத்தாலும் இதே கதைதான், இடுக்கு வழியாகக் குஞ்சுகள் வெளியே வந்துவிடும், காப்பாற்ற வேண்டியவள் உள்ளே மாட்டிக்கொண்டிருப்பாள்.

சேர்க்கும் நாளில் இடம்தான் எல்லாமே. மூடிய கொட்டகைக்குள் சேர்க்காதீர்கள். துரத்தப்படும் இளங்கோழி ஓடித் தப்பிக்க வேண்டும், முட்டுச்சந்து மாதிரி ஒரு மூலை இருந்தால் அங்கேயே மாட்டி அடிவாங்கும். செடி மறைவோ சாய்த்துவைத்த பலகையோ இருந்தால் நல்லது. தீனியும் தண்ணீரும் இரண்டு மூன்று இடங்களில், தள்ளித் தள்ளி இருக்கட்டும். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல், உள்ளே கூழாங்கல் போட்டு இருந்தால் குஞ்சு தவறி விழுந்து மூழ்காது. கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்ளுங்கள், தாய் தானாக நடத்திக்கொண்டு வரட்டும். குஞ்சைக் கையில் தூக்கி வெளியே விடும் வேலையே வேண்டாம். அது கீச்சென்று கத்தினால் முதல் கொத்து உங்களுக்கு, அடுத்தது பக்கத்தில் சும்மா நின்ற ஏதோ ஒரு அப்பாவி இளங்கோழிக்கு.

நாலு துரத்தல், கொஞ்சம் இறகு பறப்பது, இதெல்லாம் நடக்கும், ஓடிப்போய் விலக்க வேண்டியதில்லை. ரத்தம் தெரிந்தால் மட்டும் உடனே காயம்பட்ட கோழியைப் பிரித்துவிட வேண்டும், சிவப்பைப் பார்த்தால் மற்றவையும் வந்து அங்கேயே கொத்தும். இன்னொன்று, குஞ்சுகளை விட்டு வெகுதூரம் ஓடிப்போன கோழியைக்கூட விடாமல் தேடிப்போய் அடிக்கும் தாயும் உண்டு. அப்படிப்பட்டதைத் திரும்ப வலைக்குப் பின்னால் அனுப்பிவிட்டு சில நாள் கழித்துப் பார்ப்பதுதான் வழி.

தீனி விஷயம் இங்கே உண்மையில் சுலபம். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து குஞ்சுக்குத் தேவையானதைப்போல் மூன்று நான்கு மடங்கு இருக்கும், தொடர்ந்து தின்றால் சிறுநீரகம் கெடும். ஆனால் இங்கே இருப்பவை எல்லாம் இளசுகள், தாயும் குஞ்சுகளோடு இருக்கும்வரை பெரும்பாலும் முட்டையிடுவதில்லை. எல்லோருக்கும் குஞ்சுத் தீவனமே போதும்.

நான் சண்டையைவிட அதிகம் பயப்படுவது ரத்தக்கழிச்சலுக்குத்தான். வளர்ந்த கோழி பார்க்க நன்றாகத்தான் இருக்கும், எச்சத்தில் கிருமியை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் அது ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும், மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளைத்தான் அதிகம் தாக்கும். அதாவது நாம் சேர்க்கிற அதே வயது. அதனால் தண்ணீர்த் தட்டைச் சுற்றிச் சொதசொதவென்று விடக்கூடாது, தரையில் போட்டிருக்கும் உமியோ மரத்தூளோ காய்ந்தே இருக்க வேண்டும். குஞ்சு தோளைக் குறுக்கிக்கொண்டு தூங்கி வழிந்தாலோ, எச்சத்தில் ரத்தம் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்பதற்கு அது நேரம் தராது. வெளியிலிருந்து புதிதாக வந்த இளங்கோழிகள் என்றால் இரண்டிலிருந்து நான்கு வாரம் முற்றிலும் தனியாக வைத்த பிறகுதான் இந்தப் பேச்சே.

இரவில் மட்டும் அவசரப்படாதீர்கள். இளங்கோழிகள் உயரக் கழியில் ஏறி அடையும், தாய் குஞ்சுகளோடு தரையில் படுக்கும். இருட்டில் ஒரே கொட்டகைக்குள் இடநெருக்கடி வந்தால் மிதிபடுவது குஞ்சுதான். குஞ்சுகளே கழியில் ஏறப் பழகும்வரை இரவில் தாய்க்குத் தனி இடம் கொடுங்கள்.

ஒரு நாள் தாய் குஞ்சுகளைக் கீழே விட்டுவிட்டுத் தான் மட்டும் கழியில் ஏறும், பகலில் தீனிக்குக் கிட்டே வந்தால் கொத்தும். அவள் வேலை முடிந்தது, அவ்வளவுதான். அந்தச் சமயத்தில் கூடுதல் தீனித் தட்டுகளை எடுத்துவிடாமல் இன்னும் சில வாரம் அப்படியே வையுங்கள், அவள் மறுபடி முட்டையிடத் தொடங்கினால் சுண்ணாம்புச் சத்துக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதும்.